கோட்டைப் பார்க்கப் போன நாள்

வடகிழக்கு இத்தாலியில் உள்ள த்ரியெஸ்தேயில் காலை ரயிலேறி, ஒரு மணி நேரத்துக்குள் கொரீட்சியா நிலையத்தில் இறங்கியபோது, அன்று திங்கட்கிழமை என்பதை நான் பொருட்படுத்தவில்லை. தனியாக ஊர் சுற்றத் தொடங்கிப் பத்து நாளாகியிருந்தது. அத்தனை நாளானால் கிழமைக் கணக்குத் தப்பிவிடுகிறது. நிலையத்துக்கு அருகில் எடுத்திருந்த விடுதியில் பெரிய பையை வைத்துவிட்டு நடக்கக் கிளம்பினேன். வரவேற்பு மேசையில் இருந்த அம்மையார் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். தங்குபவர்களின் விவரத்தைக் காவல்துறைக்கு அனுப்புவது இத்தாலியில் எல்லா விடுதிகளுக்கும் உள்ள கடமை. பதிவை அப்புறம் செய்து வைக்கிறேன், மாலையில் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அன்று நான் செய்த தவறுகளில் பெரியது அதுதான் என்பது மாலை ஐந்து மணிக்குத் தெரிந்தது.

கொரீட்சியாவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1001ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று, ஸ்லாவியர்களின் மொழியில் 'கொரீட்சா' எனப்படும் ஊர் என்று இதைக் குறிப்பிடுகிறது. சொல்லுக்குச் சிறு குன்று என்று பொருள். பல நூற்றாண்டுகள் ஹாப்ஸ்பர்க் அரசின்கீழ் இருந்து, இத்தாலியம், ஸ்லோவேனியம், ஃப்ரியூலியம், ஜெர்மன் ஆகிய நான்கு மொழிகளும் ஒரே சந்தையில் புழங்கிய ஊர், முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலிக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி தோற்றதைத் தொடர்ந்து, 1947இல் பாரிஸ் அமைதி உடன்படிக்கை ஊரை ஒட்டி ஒரு கோட்டைக் கிழித்தது. பழைய நகரம் இத்தாலியிடம் தங்கியது. அதன் கிழக்கு விளிம்பும், சுற்றியிருந்த பெரும்பாலான கிராமங்களும், வடக்கு நோக்கிச் செல்லும் ரயில் பாதையின் நிலையமும் யூகோஸ்லாவியாவுக்குப் போயின. நகரத்தை இழந்த பக்கத்தினர் வயல்வெளியில் தமக்கென ஒரு புதிய நகரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். அதுதான் நோவா கொரீட்சா, அதாவது புதிய கொரீட்சா. இன்று ஸ்லோவேனியாவில் இருக்கிறது. 2025இல் இரண்டு ஊர்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கின.

நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் கோர்சோ இத்தாலியா, இருபுறமும் மரங்கள் நிழல் தரும் நேரான நீண்ட சாலை. பழைய மாளிகைகள் தோட்டங்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. பாதிக் கடைகள் அடைத்திருந்தன. இத்தாலியில் திங்கள் காலையில் பல கடைகள் திறப்பதில்லை என்பதை அப்போதுதான் நினைவுகூர்ந்தேன். வெங்காய வடிவக் கோபுரங்கள் கொண்ட புனித இக்னேசியஸ் தேவாலயம் நிற்கும் வித்தோரியா (வெற்றி) சதுக்கத்தைத் தாண்டி, வியா ரஸ்தெல்லோ என்னும் ஒடுங்கிய பழைய கடைத்தெரு கோட்டையை நோக்கி ஏறுகிறது. அங்கே நிறையக் கதவுகள் திங்கட்கிழமைக்காக அடைபட்டவை அல்ல. பல ஆண்டுகளாகவே அடைபட்டவை. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் காப்பிக்கொட்டையும் துணியும் பொம்மையும் வாங்கிக் குவித்த காலத்தில் செழித்திருந்த தெரு அது. எல்லை இருந்தவரை அதனால் பிழைத்தது. எல்லை தளர்ந்ததும் நொடித்தது.

மேலே போனால் கோட்டை அருங்காட்சியகமும் மூடியிருந்தது. கதவுக்கு வெளியே, கையில் வழிகாட்டிப் புத்தகத்துடன் வந்திருந்த ஓர் ஆஸ்திரியத் தம்பதியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டோம். இத்தாலியச் சிற்றூர்களின் அருங்காட்சியகங்கள் பல திங்களன்று மூடப்படும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பார்க்காமல் வந்தேன். ஒரே ஒரு நாள் ஒதுக்கி இவ்வூருக்கு வருபவர்கள் திங்களைத் தவிர்த்து வேறு எந்த நாளையாவது தேர்ந்தெடுங்கள். இதைவிட எளிய, இதைவிட எளிதில் மறந்துபோகிற அறிவுரை வேறில்லை.

ஆனால் கோட்டைக்கு வெளியே மதிலோரமாக நடக்க யாரும் தடுப்பதில்லை. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் நோவா கொரீட்சாவின் அடுக்குமாடிக் கட்டடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. நடுவே வீட்டுக் கூரைகள், தோட்டங்கள், ஒரு ரயில் பாதை. எந்த இடத்தில் ஒரு நாடு முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல இயலவில்லை. கைப்பேசி வரைபடத்தைப் பெரிதாக்கினேன். மெல்லிய சாம்பல் கோடு ஒன்று குன்றுக்கு மிக அருகில், வீடுகளுக்கு இடையில் புகுந்து, வளைந்து, மீண்டும் நேராகி வடக்கே போனது. கோட்டையைப் பார்க்க வந்தது வாய்க்கவில்லை. கோட்டையாவது பார்ப்போம் என்று தோன்றியது. தமிழில் மட்டும் செய்யக்கூடிய இந்தச் சிலேடையைப் பகிர்ந்துகொள்ள அருகில் ஒருவரும் இல்லாததுதான் தனிப் பயணத்தின் குறை.

அதன்பின் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை விட்டுவிட்டு, அந்தச் சாம்பல் கோட்டை இயன்றவரை ஒட்டி நடப்பது என்று முடிவு செய்தேன். இவ்வூருக்கு அதுவே சரியான முறை என்று இப்போதும் நினைக்கிறேன். ஒரு முன்னேற்பாடு மட்டும் தேவை: வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் வாங்கிய சிம் அட்டை ஸ்லோவேனியாவிலும் வேலை செய்யும். இருந்தாலும் கோட்டோரமாக நடக்கும்போது கைப்பேசி இந்த நாட்டு அலைவரிசையா அந்த நாட்டு அலைவரிசையா என்று தடுமாறி, சரியாகத் தெரு பிரியும் இடத்தில் வரைபடம் நின்றுவிடுகிறது. சிம் வாங்காமல் ஊரிலிருந்தே ரோமிங் திட்டத்துடன் வருபவர்கள், அதில் இரு நாடுகளும் அடங்கியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குன்றிலிருந்து ரஃபூட் என்னும் பகுதியின் பக்கமாக இறங்கும் சாலை சந்தடியற்றது. ஓரிடத்தில் காய்கறித் தோட்டம் ஒன்றின் வேலியருகே முழங்கால் உயரத்தில் வெள்ளைக் கல் ஒன்று நின்றது. குனிந்து பார்த்தேன். கல்லின் தலைப்பகுதியில் விரல் நுழையும் அளவு ஒரு கோடு செதுக்கப்பட்டு, எல்லை எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டியது. அந்தத் திசையில் பார்வையை ஓட்டினால், தக்காளிச் செடிகளுக்கு முட்டுக்கொடுத்த மூங்கில் கழிகளின் ஊடாகப் போய், ஒரு கோழிக்கூண்டின் மூலையை உரசி, அடுத்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் மறைந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த முதியவர் என்னைப் பார்த்தார். கல்லைப் படம் பிடிக்கலாமா என்று சைகையில் கேட்டதற்கு, அவர் கல்லைப் பொருட்படுத்தாமல் தக்காளியைச் சுட்டிக்காட்டி, அதைப் பிடி என்பதுபோல் சைகை செய்தார். இரண்டையும் பிடித்தேன்.

1947 செப்டம்பர் நடுவில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, தரையில் வெள்ளைக் கோடு போட்டும் மரக்குச்சி நட்டும்தான் எல்லை காட்டப்பட்டது. வீடு ஒரு நாட்டிலும் அதற்குரிய வயல் மறு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மீரென் என்னும் ஊரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே வேலி போனது. இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் எல்லையை உறுதிசெய்த 1975ஆம் ஆண்டின் ஓசிமோ உடன்படிக்கைக்குப் பிறகே அந்த வேலி அகன்றது. இவற்றைப் படித்திருந்தேன். ஆனால் கோழிக்கூண்டை உரசிச் செல்லும் கோட்டைக் குனிந்து பார்த்த பிறகுதான், இதைப் பேருந்தில் சுற்றிக் காட்டுபவர்களால் காட்ட முடியாது என்பது உறைத்தது.

ரஃபூட்டைத் தாண்டியவுடன் ஸ்லோவேனியப் பக்கத்தில் பிரிஸ்தாவா என்னும் இடத்தில், எல்லைக் காவலர்கள் இருந்த சிறு கட்டடத்தைக் கள்ளக்கடத்தல் பற்றிய அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். நான் போன நேரத்தில் அதுவும் திறக்கவில்லை. இத்தாலியிலிருந்து காப்பி, சலவைத்தூள், ஜீன்ஸ் ஆகியவையும், எதிர்ப்பக்கத்திலிருந்து இறைச்சி, சிகரெட், பெட்ரோல் ஆகியவையும் உடைக்குள்ளும் வண்டிக்குள்ளும் ஒளிந்து பயணித்த காலம் ஒன்று இருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

அங்கிருந்து மேலே ஏறினால் கோஸ்தாஞெவிட்சா குன்று. உச்சியில் பிரான்சிஸ்கன் மடம்; அதன் நிலவறையில் பிரான்சின் அரசர் பத்தாம் சார்லஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1830 புரட்சியில் அரியணையை இழந்து ஊர் ஊராக அலைந்தவர், 1836 அக்டோபரில் கொரீட்சியாவுக்கு வந்து கொரோனினி மாளிகையில் தங்கினார். நவம்பர் 6ஆம் நாள் காலராவில் இறந்தார். அவருடைய மகனும், மருமகளும் அதே நிலவறையில் இருக்கிறார்கள். அந்த மருமகள், கில்லட்டினில் தலையிழந்த அரசி மரி அன்த்வானெத்தின் மகள். அரசர் உயிர்விட்ட வீடு இன்று இத்தாலியில். உடல் கிடக்கும் மடம் ஸ்லோவேனியாவில். செத்து நூற்றுப் பதினோரு ஆண்டுகள் கழித்தும் அவரை அகதியாக்கிவிட்டார்கள் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். ஏற்றம் செங்குத்தாக இருக்கிறது. காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. தண்ணீர்ப் புட்டியை இத்தாலியப் பக்கத்துப் பொதுக் குழாயில் நிரப்பிக்கொண்டது கைகொடுத்தது.

குன்றிலிருந்து இறங்கி, ரயில் பாதையை ஒட்டிய நடைபாதையில் வடக்கே நடந்து, எல்லாரும் படமெடுத்துக்கொள்ளும் அந்தச் சதுக்கத்துக்கு வந்தேன். இத்தாலியர் பியாட்சா த்ரான்சால்பினா என்றும் ஸ்லோவேனியர் த்ர்க் எவ்ரோபே என்றும் அழைக்கிறார்கள். ஒரு பக்கம் 1906இல் திறக்கப்பட்ட அழகிய ரயில் நிலையம். மறு பக்கம் கொரீட்சியாவின் சாதாரண வீடுகள். நடுவில் வட்டமான ஒரு தரைச் சித்திரம். அதன் நடுவே எல்லை போகிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு காலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் வைத்தேன். உண்மையைச் சொன்னால், இந்தச் சதுக்கம் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. காலையில் அந்தத் தோட்டத்தைப் பார்க்காமல் நேராக இங்கே வந்திருந்தால், இவ்வளவுதானா என்று அடுத்த ரயிலைப் பிடித்திருப்பேன்.

நிலையக் கட்டடத்துக்குள் இருக்கும் சிறு அருங்காட்சியகம்தான் சதுக்கத்துக்கு உயிர் தருகிறது. ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்தின் உச்சியில் செந்நட்சத்திரமும், நாங்கள் சோஷலிசத்தைக் கட்டுகிறோம் என்ற வாசகமும் இத்தாலியை நோக்கி நின்றன. சதுக்கத்தின் குறுக்கே இருந்த வேலி 2004இல், ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த ஆண்டில், அகற்றப்பட்டது. அதன் பிறகும் 2007 டிசம்பரில், எல்லைச் சோதனை இல்லாமல் நாடுவிட்டு நாடு போய்வர வழிசெய்யும் ஷெங்கன் ஏற்பாடு வரும்வரை, இரு நாட்டவரும் சதுக்கத்தில் கலந்து நிற்கலாம், ஆனால் வந்த பக்கமாகவே திரும்பிப் போக வேண்டும் என்ற விசித்திரமான நிலை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இதே சதுக்கத்தில் மீண்டும் கம்பிவேலி எழுந்து, சில மாதங்கள் கழித்து அகன்றது.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துக்கொண்டது துடைப்ப ஞாயிறு. 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஆண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினர்களைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று ஊரின் தெற்கே இருந்த எல்லைச் சாவடியில் யூகோஸ்லாவியப் பக்கத்து மக்கள் கூடினார்கள். கூட்டம் பெருகி, காவலர்களைத் தள்ளிக்கொண்டு கொரீட்சியாவுக்குள் புகுந்தது. உறவினர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு கடைகளுக்குப் போனார்கள். அவர்கள் ஊரில் கிடைக்காத பொருள்களில், மாலையில் திரும்பியபோது அதிகம் பேர் கையில் இருந்தது துடைப்பம். அதனால்தான் அந்த நாளுக்கு அந்தப் பெயர். தப்பியோட வழி கிடைத்த ஒரு பகலில், துடைப்பம் வாங்கிக்கொண்டு பெரும்பாலோர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். எந்தத் தத்துவத்தையும்விட வீட்டைக் கூட்டிப் பெருக்குவது அவசரமான வேலை என்பது குடும்பம் நடத்திய யாருக்கும் விளங்கும்.

இதற்குள் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. இத்தாலியப் பக்கத்தில் உணவகங்களின் அடுப்பு இரண்டரை மணியளவில் அணைந்துவிடும். அதன்பின் இரவு ஏழரைக்குத்தான். ஸ்லோவேனியப் பக்கத்தில் 'மாலிட்சா' எனப்படும் எளிய பகலுணவு கிடைக்கும் இடங்களில் சற்றுத் தாமதமாகவும் சாப்பிடலாம் என்பதால், நோவா கொரீட்சாவில் ஒரு சிறு உணவகத்துக்குள் நுழைந்தேன். நான் சைவம். 'பிரெஸ் மேசா', அதாவது இறைச்சி இல்லாமல், என்ற சொல்லை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். யோத்தா என்னும் சூப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள்: புளித்த முட்டைக்கோசும் அவரை விதையும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது, நம் நாக்குக்கு நன்றாகவே பிடிக்கும் புளிப்பு. நாலாவது கரண்டியில் ஒரு துண்டுப் பன்றித்தோல் வந்தது. பரிமாறிய பெண்ணிடம் காட்டினேன். அது இறைச்சி அல்லவே, வாசனைக்குப் போடுவது என்று அவர் உண்மையாகவே வியந்தார். எனவே இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. புகையூட்டிய பன்றி, எலும்புச் சாறு, கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட மாவுப் பண்டமான புரெக்கும், இத்தாலியப் பக்கத்தில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வறுத்த ஃப்ரிக்கோவும் பெரும்பாலும் சிக்கலில்லாதவை. அன்று என் வயிற்றைக் காப்பாற்றியது புரெக்.

நோவா கொரீட்சாவில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. எத்வர்த் ராவ்னிகர் என்னும் கட்டடக் கலைஞர் பூங்காவுக்குள் நகரம் என்று திட்டமிட்டார். 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். திட்டத்தில் ஒரு பகுதிதான் கட்டடமானது. முதலில் எழுந்த குடியிருப்புகளை இன்றும் ரஷ்ய பிளாக்குகள் என்கிறார்கள். அகலமான சாலை, மரநிழல், சூதாட்ட விடுதிகள். அவ்வளவே. சூதாட்ட விடுதிகளுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர். எல்லை இன்னும் ஏதோ ஒரு வகையில் பணம் ஈட்டித் தருகிறது.

அங்கிருந்து முக்கால் மணி நேரம் வடக்கே நடந்தால் சோல்கான். சோச்சா ஆறு மலையிடுக்கிலிருந்து வெளிவரும் இடத்தில், 85 மீட்டர் அகலத்தை ஒரே கல்வளைவால் தாண்டும் ரயில் பாலம் நிற்கிறது. கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகிலேயே பெரிய வளைவு இதுதான். 1905இல் கட்டி முடித்தார்கள். 1916இல் கொரீட்சியாவை இத்தாலியப் படை பிடித்தபோது பின்வாங்கிய ஆஸ்திரியப் படை இதைத் தகர்த்தது. 1927இல் மீண்டும் கட்டினார்கள். இத்தாலியர் இசோன்சோ என்றழைக்கும் இதே ஆற்றங்கரையில் முதல் உலகப் போரில் பன்னிரண்டு போர்கள் நடந்தன. ஆற்று நீர், தேங்காய்த் தண்ணீரில் சிறிது மயில்துத்தம் கரைத்தது போன்ற நிறம். செருப்பைக் கழற்றி ஐந்து நிமிடம் காலை நனைத்தேன். குளிர் எலும்பைத் தொட்டது.

திரும்பும்போது எர்யாவ்சேவா தெரு வழியாக இத்தாலிக்குள் நுழைந்தேன். பழைய சோதனைச் சாவடியின் கூரைக்குக் கீழே ஒரு வண்டியும் சீருடையில் இருவரும் நின்றார்கள். ஷெங்கனுக்குள் சோதனையே கிடையாது என்று நம்மவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. 2023 அக்டோபரில் இத்தாலி ஸ்லோவேனிய எல்லையில் சோதனையை மீண்டும் தொடங்கி, திரும்பத் திரும்ப நீட்டித்து வருகிறது. நாள் முழுவதும் கோட்டைப் பலமுறை தாண்டியும் ஒருவரும் கேட்கவில்லை; இங்கே கேட்டார்கள். கடவுச்சீட்டு விடுதி மேசையில். கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். இளையவர் பார்த்துவிட்டு, இது படம், ஆவணம் அல்ல என்று சரியாகவே சொன்னார். ஓரமாக நிற்கச் சொன்னார்கள். விடுதியின் பெயரை நான் சொன்னேன், எண்ணை அவர்களே தேடி அழைத்தார்கள். முதலில் யாரும் எடுக்கவில்லை. ஏறத்தாழ நாற்பது நிமிடம், பள்ளி விட்டுச் சைக்கிளில் போகும் பிள்ளைகள் இரு நாடுகளுக்கும் இடையில் மணியடித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றேன். விடுதி அம்மையார் அழைப்பை எடுத்து உறுதி சொன்ன பின், இனிமேல் கையில் வைத்திருங்கள் என்று மரியாதையாகவே அனுப்பினார்கள். குற்றம் என்னுடையது. விடுதியில் பதிவு முடியும்வரை பத்து நிமிடம் உட்கார்ந்து, கடவுச்சீட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். விசா ஒற்றை நுழைவாக இருந்தாலும் இரு நாடுகளுக்கும் செல்லும் என்பது தெரிந்ததுதான். அதைக் காட்ட அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

அன்றைய நடை மொத்தம் 15 கிலோமீட்டர் அளவுக்கு வந்தது. பார்க்காமல் விட்டவற்றில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, ஊரின் தெற்கே உள்ள பழைய மனநல மருத்துவமனையின் பூங்கா. 1961இல் அங்கே இயக்குநராக வந்த ஃபிராங்கோ பசாலியா, நோயாளிகளைக் கட்டிப்போடுவதை நிறுத்தி, அடைத்த கதவுகளைத் திறக்கத் தொடங்கினார்; அந்த முயற்சி 1978இல் மனநலக் காப்பகங்களை மூடும் சட்டத்தில் போய் முடிந்தது. அவர் உள்ளே கதவுகளைத் திறந்துகொண்டிருந்த அந்த வளாகத்தை ஒட்டித்தான் நாட்டின் எல்லை போயிற்று. கோட்டைத் தெற்கிலிருந்து வடக்காக, அந்தப் பூங்காவில் தொடங்கி நடந்திருந்தால் நேரம் சரியாக அமைந்திருக்கும்.

இரவு விடுதியில் கடவுச்சீட்டை நீட்டியபோது அம்மையார் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். மறுநாள் பயணச்சீட்டைப் பற்றி விசாரித்ததில் இன்னொரு செய்தியும் சொன்னார்: மலைப்பாதையில் யெசெனிட்சே வரை போகும் ரயில் இந்த நிலையத்தில் வராது, அந்தச் சதுக்கத்து நிலையத்தில்தான் புறப்படும். ஒரே ஊர் என்று நினைத்து நிலையத்தை மாற்றிப் பதிவு செய்து, வண்டியைத் தவறவிடுபவர்கள் அடிக்கடி உண்டாம். ஆகவே காலையில் முதுகில் பையோடு நாற்பது நிமிடம் நடந்து, சட்டைப் பையில் கடவுச்சீட்டுடன் எல்லையைத் தாண்டினேன். யாரும் கேட்கவில்லை. வண்டி புறப்பட்ட சில நிமிடங்களில் சோல்கான் பாலத்தின் மேல் ஏறியது.